பவுன் வீட்டு எலுமிச்சைக்கு அம்மை போட்ட வரலாறு

1998 அக்டோபர் பதினேழாம் தேதி சனிக்கிழமை காலை ஏழே காலுக்கு, புனே பக்கத்துக் கசார்வாடியில் பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிய நான்கு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், டி.வி. ஸ்டாண்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவே தொட்டியில் நின்ற எலுமிச்சை மரத்துக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் இருந்தது. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தவர் வீட்டுக்காரர் சுந்தரமூர்த்தி. மரத்துக்கு அக்குள் என்று ஒன்று உண்டானால் அது முதல் இரண்டு கிளைகள் பிரிகிற இடம்தான் என்று அவராகவே முடிவுசெய்து, அங்கே இரண்டு நிமிடம் வைத்தார். அவர் கட்கி பக்கத்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் செக்ஷன்காரர். ஒரு கருவி சொல்வதை இன்னொரு கருவி சொல்லாமல் நம்ப மாட்டார். கீழ்வீட்டிலிருந்து வேறொரு தெர்மாமீட்டர் வந்தது. அதுவும் நூற்று மூன்றுதான் சொன்னது. அந்த வாரம் வெங்காயம் கிலோ நாற்பது ரூபாய்க்குப் போயிருந்ததால், மத்தியானம் வரைக்கும் கட்டடத்தில் வெங்காயத்தைப் பற்றிய பேச்சுதான் முதலிடத்தில் இருந்தது. மரத்தின் காய்ச்சல் இரண்டாவதாக வந்தது.

மரத்தின் பெயர் செல்வி. 1987-ல் சுந்தரமூர்த்தி ஸ்கூட்டர் வாங்கினார். பூஜை போட்டு, இரண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கியபோது, முன்சக்கரத்துப் பழத்தின் விதை ஒன்று டயர் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டது. பதினெட்டு நாள் அது கசார்வாடிக்கும் கட்கிக்கும் டியூட்டி போய்விட்டு வந்து, பத்தொன்பதாம் நாள் டயரிலேயே முளைவிட்டது. அவருடைய மனைவி பவுன் அதை ஹேர்பின்னால் நெம்பி எடுத்து டால்டா டப்பாவில் வைத்தாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. மூன்று டாக்டர், பதினோரு கோயில் பார்த்தாகிவிட்டது. டயரில் வந்ததை வேண்டாம் என்று சொல்ல பவுனுக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. 1991-ல் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். பவுன் மூன்று என்றாள். மூன்றாவது ஆளைக் காட்டச் சொன்னார். காட்டினாள். நாலு வயது, ஒன்றரை அடி உயரம், ஒன்பது இலை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வளரட்டும் அம்மா, அடுத்த தடவை எழுதிக்கலாம்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த தடவை என்றால் பத்து வருடம் என்பது பவுனுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் 2001-க்காகத்தான் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

1993-ல் டப்பா போதாமல் போனது. சுந்தரமூர்த்தி போசரியில் பழைய இரும்பு டிரம் ஒன்றை வாங்கிப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்தார். விற்றவன் செடி வைக்கத்தானே என்று அடியில் மூன்று ஓட்டை போட்டுக் கொடுத்திருந்தான். இருபத்திரண்டு வருடம், ஒழுகுகிற சாமானைத் தள்ளி ஒழுகாத சாமானை அனுப்பியே சம்பளம் வாங்கியவருக்கு, அடியில் மூன்று ஓட்டையோடு ஒரு பாத்திரத்தை வீட்டுக்குள் விட மனசு வரவில்லை. மூன்றையும் பற்றவைத்து அடைத்தார். இருபத்துநான்கு மணி நேரம் தண்ணீர் நிரப்பி வைத்து, அடியில் விரலால் தடவிப் பார்த்தார். ஈரமில்லை. பக்கவாட்டில் சாக்பீஸால் 'ஓ.கே.' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். தினம் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் என்று பவுன் அளந்து ஊற்றியதால், ஐந்து வருடம் அந்தக் கையெழுத்தால் ஒரு கெடுதலும் நேரவில்லை.

1998 ஜூலையில் செல்வி பூத்தாள். நாற்பத்தொரு பூ. மூன்றாவது மாடி ஹாலுக்குத் தேனீ வராது என்பதால், சுந்தரமூர்த்தியின் ஷேவிங் பிரஷ்ஷை வைத்துப் பவுன் ஒவ்வொரு பூவாகத் தடவிக் கொடுத்தாள். நாற்பது உதிர்ந்தது. ஒன்று நின்றது. அது மிளகாகி, சுண்டைக்காயாகி, கோலிக்குண்டு ஆனபோது, கட்டடத்தில் இருந்த அத்தனை தமிழ்க் குடும்பத்துப் பெண்களும் கூடி வளைகாப்பு நடத்தினார்கள். ஏழாம் மாதம் எது என்று யாருக்கும் சொல்லத் தெரியாததால் எல்லாருக்கும் லீவு இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டார்கள். இருபத்துமூன்று பேர். ஆளுக்கு இரண்டு கண்ணாடி வளையலைக் கிளையில் மாட்டி, ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் வார்த்தார்கள். அதற்கப்புறம் நெடுஞ்சாலையில் லாரி போகும்போதெல்லாம் ஹாலில் வளையல் குலுங்கியது. முதல் பழத்தைத் தாபோடி மாரியம்மனுக்குத் தருவதாகப் பவுன் வேண்டிக்கொண்டாள். வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு ஒரு டம்ளர் எப்படிப் போதும் என்று காலையில் இளநீர், மத்தியானம் மோர், சாயங்காலம் குங்குமப்பூ போட்ட பால் என்று ஊற்ற ஆரம்பித்தாள். டிரம் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் இலைகள் மஞ்சளாயின. வேறு வீடாக இருந்தால் கவலைப்பட்டிருப்பார்கள். இரண்டாவது மாடி சரசா வந்து பார்த்து, "மூஞ்சில மஞ்ச பூசினாப்ல எப்டி கீது பாருக்கா, கண்ணு பட்டுடும்" என்று திருஷ்டி சுற்றிப் போட்டாள். சரசா வேலூர்ப் பக்கத்துக்காரி. தாபோடி மாரியம்மன் கோயில் பெண்கள் சங்கத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். இரண்டாவது வாரத்தில் இலையின் அடிப்பக்கம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. அதற்கடுத்த சனிக்கிழமைதான் காய்ச்சல். மஞ்சள், கொப்புளம், காய்ச்சல் மூன்றையும் வரிசையாகக் கேட்டுக்கொண்ட சரசா செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"முத்து போட்ருக்குக்கா. ஆத்தா வந்துகீறா."

"இது அம்மை சீசன் இல்லையே சரசா" என்றார் சுந்தரமூர்த்தி.

"சீசன் இல்லாதப்ப வந்துகீறான்னா இன்னும் விசேசம்ணா. மொதல்ல அந்தத் தெர்மாமீட்டர உள்ள வைங்க. ஆத்தாள அளக்கறாரு."

அதன்பிறகு நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். டிரம்மைச் சுற்றி வேப்பிலைப் படுக்கை விரித்தார்கள். பதினாறு வீட்டிலும் தாளிப்பு நிறுத்தப்பட்டது. இரண்டு மராத்திக் குடும்பங்களும் என்ன ஏது என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகு வேறொன்றும் கேட்காமல், கடுகு டப்பாவை மேல் அலமாரியில் ஏற்றிவிட்டன. திங்கட்கிழமை தீபாவளி. அந்த வருடம் அந்தக் கட்டடத்தில் ஒரு முறுக்குகூடச் சுடப்படவில்லை. பிள்ளைகள் மரத்தை முறைத்துக்கொண்டே படியேறி இறங்கின. முதல் தண்ணீர் தீபாவளியன்றே விழுந்தது: வெயிலில் காய்ந்த வேப்பிலை மஞ்சள் தண்ணீர் மூன்று குடம், உச்சியிலிருந்து. காய்ச்சல் நூற்று நான்கு ஆனது. ஆத்தா விளையாடுகிறாள் என்றாள் சரசா. ஹாலில் வைத்த பால் அடுப்பில்லாமல் பொங்கியது. நேர் மேலே நான்காவது மாடியில் குடியிருந்த பாலச்சந்திரனின் ஹாலில் தரை சுட்டது. அவர் மனைவி அதில் வடாம் பிழிந்து காயவைத்து, இரண்டே மணி நேரத்தில் டப்பாவில் எடுத்துவைத்தாள். செய்தி பரவி, ஏரவாடாவிலிருந்து பஸ்ஸிலும் தளேகாவிலிருந்து லோக்கல் ரயிலிலும் ஜனங்கள் வந்தார்கள். வரிசை முதல் மாடி வரைக்கும் நின்றது. உதிர்ந்த மஞ்சள் இலையை ஆளுக்கொன்றாகப் பிரசாதம் வாங்கிக்கொண்டு, அம்மை கண்ட வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால், ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்கள். எல்லோர் முகத்திலும் ஊருக்கு லீவு விட்ட களை. பவுன் மட்டும் இலையைப் பார்க்கவில்லை, காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை இரண்டாம் தண்ணீர், இன்னொரு மூன்று குடம். காய்ச்சல் நூற்று ஆறு. கோலிக்குண்டின் காம்பு மஞ்சளாகத் தொடங்கியது.

அன்று சாயங்காலம் சரசாவின் மகள் வைஷாலி மேலே வந்தாள். சிவாஜிநகரில் விவசாயக் கல்லூரி இரண்டாம் வருடம். தீபாவளி லீவுக்கு முறுக்குத் தின்ன வந்து ஏமாந்திருந்தாள். அவள் இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. வளையல் போட்ட கையை மணிக்கட்டு வரைக்கும் மண்ணுக்குள் விட்டாள். வெளியே எடுத்து மோந்து பார்த்தாள். டிரம்மில் காதை வைத்து விரலால் தட்டினாள். கிணற்றைத் தட்டினால் எப்படியோ அப்படிச் சத்தம் வந்தது.

"ஆன்ட்டி, இது அம்மை இல்ல" என்றாள். "உள்ள பானி ஜமா ஆயிருக்கு, வெளிய போகாம நிக்குது. வேர் சட் கயா. கருப்பா, நாத்தம். இலை குடிக்க முடியாம குடிச்சு குடிச்சு இந்த மாதிரி ஃபோடா வந்திருக்கு." அழுகலுக்கும் கொப்புளத்துக்கும் அவளுக்குத் தமிழ்ச் சொல் வரவில்லை, ஆனால் மோந்து பார்த்த முகமே எல்லாருக்கும் புரிந்தது.

"ரெண்டு வருசம் காலேஜுக்குப் போயிட்டு வந்து ஆத்தாளுக்கே சர்டிபிகேட் குடுக்கறியாடி நீ?" என்றாள் சரசா.

"ஆத்தாக்கு நான் எதுவும் சொல்லலம்மா. மரத்துக்குச் சொல்றேன். டிரம்முக்குக் கீழ ஹோல் எங்க?"

"ஹோலா?" என்றார் சுந்தரமூர்த்தி. இதைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று ஐந்து வருடமாகக் காத்திருந்தவர் அவர். "ஒரு சொட்டு எறங்காது தாயி. எறங்கவே முடியாதபடி அடைச்சவன் நான்லா." சொல்லி முடித்ததும், சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல நின்றுவிட்டார். பிறகு சாக்பீஸ் எழுத்துப் பக்கமாகப் போய், அதை மறைத்தாற்போல நின்றுகொண்டார்.

இப்போது நிலைமை இதுதான். வெள்ளிக்கிழமை மூன்றாம் தண்ணீர் விழுந்தால் வேர் மிச்சமிருக்காது, காய் உதிரும், பின்னாலேயே மரமும் போகும் என்றாள் வைஷாலி. டிரம்மில் ஓட்டை போட வேண்டும், அழுகின வேரை வெட்ட வேண்டும், கிளையைக் கழிக்க வேண்டும், மண்ணை மாற்ற வேண்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றாமல் ஆத்தா இறங்க மாட்டாள் என்றாள் சரசா. அவள் இறங்கும்வரை தலை சீவக் கூடாது, நகம் வெட்டக் கூடாது, இரும்பு படவே கூடாது. மீறினால் இப்போது நூற்று ஆறு, அப்புறம் எரியும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பது பவுனுக்குத் தெரிந்தது. வேரை மோந்தவளும் உண்மை, பால் பொங்கியதும் உண்மை. வியாழக்கிழமை முழுக்க அவள் டிரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு நூற்று ஏழு. வளையல்களைத் தொட முடியவில்லை. காய் காம்பில் லேசாகச் சுழன்றது. இன்னொரு லாரி போனால் விழுந்துவிடும் போல இருந்ததால், சுந்தரமூர்த்தி கீழே போய் நின்று லாரிகளை மெதுவாகப் போகச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். சில டிரைவர்கள் மெதுவாகவும் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஹாலில் ஐம்பது பேர் இருந்தார்கள். மூன்று குடம் தண்ணீரும் வெயிலில் காய்ந்து தயாராக இருந்தது. பவுன் மணையை எடுத்துவந்து டிரம்முக்கு முன்னால் போட்டு, மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முந்தானையை அடிமரத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"என் தலையில ஊத்து, சரசா."

"இன்னாக்கா இது? முத்து போட்டவங்களுக்குத் தான்க்கா தண்ணி."

"பிள்ளைக்குப் பதிலா தாய் தீ மிதிக்கலாம், மண்சோறு திங்கலாம், அலகு குத்தலாம். தண்ணி மட்டும் ஊத்திக்கிடக் கூடாதுன்னு எங்கன எழுதியிருக்கு? எழுதியிருந்தா காட்டு, எந்திரிச்சிருதேன்."

சரசா யோசித்தாள். அவளுக்குத் தெரிந்த அத்தனை முறைகளையும் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. "ஆத்தா சம்மதிச்சா எனக்கின்னா" என்று குடத்தைத் தூக்கினாள். சுந்தரமூர்த்தி ஒரு தெர்மாமீட்டரை மரத்தின் கவட்டிலும் இன்னொன்றைப் பவுனின் வாயிலும் வைத்துவிட்டு நடுவில் நின்றார். இந்த முறை யாரும் தடுக்கவில்லை. முதல் குடம் காலியானபோது மரம் நூற்று மூன்றரை, பவுன் நூறு. இரண்டாவது குடத்தில் இரண்டு பேரும் நூற்று ஒன்றே முக்கால். மூன்றாவது குடத்தின் கடைசிச் சொட்டு அவள் நெற்றியில் விழுந்தபோது மரம் ஹாலின் சூட்டுக்கு வந்துவிட்டது. பவுன் நூற்று மூன்று. மாடியிலிருந்து பாலச்சந்திரன் குரல் கேட்டது. "என்னவே ஆச்சு? தரை குளுந்துபோச்சே. வடாம் பாதிதான் காஞ்சிருக்கு!"

"எறங்கிட்டா" என்றாள் சரசா. மகளைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னும் இன்னாடி நிக்கற? உன் வேலையப் பாரு."

சுந்தரமூர்த்தி கைத்துளைப்பான் எடுத்துவந்தார். முதலில் கைக்குட்டையை எச்சில் தொட்டு 'ஓ.கே.'யை அழித்தார், பிறகு தேதியை, கடைசியாகக் கையெழுத்தை. டிரம்மைச் சாய்த்து, அடைத்த அதே மூன்று இடங்களிலும் துளை போட்டார். கறுப்புத் தண்ணீர் இளநீர், மோர், குங்குமப்பூ, மஞ்சள் எல்லாம் கலந்த ஒரு நாற்றத்தோடு வந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒரே மூச்சில் தெருவுக்கு இறங்கிவிட்டார்கள். ஆனால் வந்தது அரை வாளிதான். ஊற்றிய ஆறு குடம் எங்கே போனது என்று அவர் குனிந்து குனிந்து பார்த்தார். வைஷாலி மரத்தைச் செய்தித்தாள் மேல் படுக்கவைத்து, கறுத்த வேரையெல்லாம் கத்தரித்து, வெள்ளை வேரை மட்டும் விட்டாள். கொப்புளக் கிளைகளைக் கழித்தாள். அடியில் ஓட்டுச்சில், மேலே செம்மண்ணும் மணலும் தேங்காய் நாரும். ஜன்னலுக்கு இன்னும் இரண்டடி பக்கத்தில் தள்ளிவைத்தாள். "விரலை இதுவரைக்கும் விடுங்க அங்கிள்" என்று இரண்டாவது கணுவைக் காட்டினாள். "ஈரம் இருந்தா ஊத்தாதீங்க. யார் சொன்னாலும். எங்கம்மா சொன்னாலும்." காய் காம்பிலேயே இருந்தது.

பவுன் ஒன்பது நாள் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள். உடம்பில் பதினோரு முத்து. எழுந்து குளித்தபோது தழும்பு ஒன்றும் இல்லை. இடது தோளில் மட்டும் முக்கால் அங்குலத்துக்கு ஒரு எலுமிச்சை முள் முளைத்திருந்தது. வலிக்கவில்லை. முந்தானையை அதில் மாட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் சேஃப்டி பின் வாங்கவே இல்லை. பதினாறு வீட்டிலும் ஒரே நாளில் கடுகு வெடித்தது. தீபாவளி முறுக்கு நவம்பரில் சுடப்பட்டது.

பழம் 1999 பங்குனியில் பழுத்தது. சொன்னபடி தாபோடி மாரியம்மனுக்கு வைத்தார்கள். பூசாரி அறுத்து, பாதியைச் சூலத்தில் குத்திவிட்டு மீதிப் பாதியைப் பிரசாதமாகத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பவுன் அதை ஒரு டம்ளரில் பிழிந்தாள். டம்ளர் நிறைந்தது. சொம்பு வைத்தார்கள், குடம் வைத்தார்கள். கை வலித்ததால் ஆள் மாற்றி மாற்றிப் பிழிந்தார்கள். நான்காவது குடத்துக்குப் பாலச்சந்திரனே இறங்கி வந்தார். ஆறாவது குடம் விளிம்பைத் தொட்டதும் சாறு நின்றது. லேசாக மஞ்சளும் வேப்பிலையும் வாசம் வந்தது. சுந்தரமூர்த்தி தலையை ஆட்டிக்கொண்டார். சரியாக ஆறு குடம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அன்று கட்டடம் முழுக்க எலுமிச்சை சாதம். மராத்திக் குடும்பங்கள் சர்பத் போட்டன. இரண்டு டம்ளர் குடித்துவிட்டுச் சரசா மகளிடம், "ஆத்தா தண்ணில வந்தாளா, தண்ணி ஆத்தாளா வந்துச்சா, உங்க காலேஜ்ல கேட்டுச் சொல்லு" என்றாள். வைஷாலி உண்மையாகவே நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். நோய்க்குக் காரணம்: வடிகால் இல்லாமை. துணைக் காரணம்: மாரியம்மன். பேராசிரியர் இரண்டாவது வரிக்குக் கீழே சிவப்பில் கோடு போட்டு, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டிருந்தார். முதல் வரிக்கு முழு மதிப்பெண் கொடுத்திருந்தார்.

2001 பிப்ரவரியில் ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்காரர் வந்தார். இது வேறு ஆள். நகராட்சிப் பள்ளி வாத்தியார், மராத்திக்காரர், மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினார். பவுன் சர்பத் கொடுத்தாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று என்றாள். பத்து வருடமாக வைத்திருந்த சொல் அது. வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். செல்வி கூரையைத் தொட்டுக்கொண்டு, நூற்றுக்கு மேல் காயோடு, நாற்பத்தாறு வளையலோடு ஜன்னல் ஓரம் நின்றாள். அவர் பவுனின் தோளையும் பார்த்தார். முந்தானை மாட்டியிருந்த முள்ளையும், கிளையில் இருந்த முள்ளையும் ஒரு தரம் மாறி மாறிப் பார்த்தார். வாத்தியார்களுக்குச் சாயல் தெரியும். மூடியைக் கழற்றிப் பேனாவை எடுத்தார். பெயர், செல்வி. உறவு, மகள். வயது, பதினான்கு. திருமணம், ஆகவில்லை. தாய்மொழி, தமிழ். தெரிந்த பிற மொழிகள் என்ற இடத்தில் பேனா நின்றது. அவர் மரத்தின் பக்கம் திரும்பி, வகுப்பில் ஒரு பிள்ளையிடம் மராத்தி புரியுமா என்று கேட்பது போல, "மராத்தி ஸமஜதே கா, பாளா?" என்று கேட்டார். வளையல்கள் குலுங்கின. அப்போது நெடுஞ்சாலையில் லாரி எதுவும் போகவில்லை. மராத்தி என்று எழுதிக்கொண்டு, பவுன் கொடுத்த இரண்டு பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு, வாத்தியார் நான்காவது மாடிக்கு ஏறினார்.